இரண்டு லூப் ஆன்டெனா வாங்கலாமா? ஒரு நண்பரின் கேள்விக்குப் பதில்

என்னிடம் இருக்கும் லூப் ஆன்டெனாவின் (ரேடியோவுக்கான வளைய வடிவ ஆன்டெனா) விலையைக் குறைத்துவிட்டார்களாம். "நீங்கதான் ரெண்டு வச்சிருக்கீங்களே, ஜோடியா வாங்கலாமா?" என்று நண்பர் கேட்கிறார். மீடியம் வேவ் கேட்பவர்களுக்கு உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள இந்தச் சின்ன ஆக்டிவ் லூப்பை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. என் கொல்லையில் அது மழை, வெயில், அணில் எல்லாவற்றையும் தாங்கிவிட்டது. எல்இடி பல்பு இரைச்சல் பழைய நீளக் கம்பியில் கேட்டதில் பாதிகூட இல்லை.

என் எரிச்சலெல்லாம் ஃபேஸ் விஷயத்தில்தான், அதாவது இரண்டு சிக்னல்களின் அலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக வருகின்றன என்பதில்.

லூப்பைச் சுற்றினால் ஒரு நிலையம் இரண்டு திசைகளில் அடங்க (ஏறக்குறைய கேட்காமல் போக) வேண்டும். அந்த இரண்டும் நேரெதிராக, 180 டிகிரி இடைவெளியில் இருக்க வேண்டும். எனக்கோ இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. காரணம் லூப் அல்ல, அதை ரேடியோவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிள். அதன் வெளி உறையும் ஒரு செங்குத்து ஆன்டெனாபோல சிக்னலைப் பிடித்து லூப்பின் சிக்னலோடு கலந்துவிடுகிறது. அது ஒரே ஃபேஸில் கலந்தால் அடங்கும் திசைகள் சாயும். 90 டிகிரி தள்ளிக் கலந்தால் திசை மாறாது, ஆனால் முழுசாக அடங்காது. எது நடக்கிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

உறையில் வரும் அந்த சிக்னலைத் தடுக்கவென்று பெட்டியோடு வரும் கிளிப் ஃபெரைட் (கேபிளில் மாட்டும் காந்தப்பொருள் துண்டு) மீடியம் வேவுக்கு வெறும் அலங்காரம். 31 ரக ஃபெரைட்டில் பெரிய வளையம் வாங்கி, மெல்லிய கோஆக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, ஆன்டெனா பக்கத்து முனையில் வைத்தேன். சுற்றுகளை இரட்டித்தால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதால் சுற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது. அதற்குப் பிறகு சாய்வு போய்விட்டது. இந்தச் சோதனையைப் பகலில் செய்யுங்கள். இரவில் வானலை (மேலே வானில் பிரதிபலித்து வரும் சிக்னல்) வந்து கலந்தால் எந்த லூப்பும் ஒரு நிலையில் நிற்காது.

அப்புறம்தான் ஜோடி. ஒற்றை லூப் முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி கேட்கும். இரண்டை 20 மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒன்றின் சிக்னலைத் தலைகீழாக்கிக் கொஞ்சம் தாமதமும் கொடுத்தால் ஒரு பக்கத்தை மட்டும் அடக்கலாம். சென்னை 720 கிலோஹெர்ட்ஸில் அந்த 20 மீட்டர் வெறும் 17 டிகிரி ஃபேஸ் வித்தியாசம்தான். ஒரு கேபிள் 10 மீட்டர் கூடுதலாக இருந்தால் அதிலேயே 13 டிகிரி போய்விடும். அதனால் இரண்டு கேபிளையும் ஒரே நீளத்துக்கு அளந்து வெட்டியிருந்தேன். இருந்தும், அடங்க வேண்டிய சென்னை முன்னைவிடச் சத்தமாகக் கேட்டது!

இரண்டு லூப்பையும் அருகருகே ஒரே திசையில் நிறுத்தி, சிக்னலைச் சேர்த்துப் பார்த்தேன். கூட வேண்டியது கழிந்தது. ஒன்றை மட்டும் 180 டிகிரி திருப்பியதும் கூடியது. பெட்டியைத் திறந்தால், ஒன்றில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் இரண்டு கம்பிகளும் இடம் மாறி சால்டர் செய்யப்பட்டிருந்தன. "ஒவ்வொரு ஆன்டெனாவும் தனித்தனியாகச் சரியாக வேலை செய்கிறது" என்று தயாரிப்பாளரிடமிருந்து மின்னஞ்சலில் பதில் வந்தது. உண்மைதான், தனியாக இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஜோடியாகப் பயன்படுத்தலாம் என்று விளம்பரத்தில் போட்டது அவர்கள்தானே?

சரி, நியாயமாகவும் சொல்லிவிடுகிறேன். இப்போது பகலில் ஃபேசரின் (இரண்டு சிக்னல்களின் ஃபேஸை மாற்றிக் கலக்கும் கருவி) குமிழை மெதுவாகத் திருப்பினால் சென்னை கரைந்து காணாமல் போகிறது. டியூன் செய்யும் லூப்பில் இது வராது. அதில் டியூனிங் துளி நகர்ந்தாலே ஃபேஸ் எகிறிவிடும். இந்த விலைக்கு இதைவிட நல்ல வைட்பேண்ட் (டியூன் செய்யத் தேவையில்லாத) லூப் நான் பார்த்ததில்லை.

ஆனாலும் என் பதில்: வாங்காதீர்கள். அந்த மின்னஞ்சல் நினைவுக்கு வரும்போதெல்லாம் கோபம் வருகிறது. வாங்கியே தீருவேன் என்றால், கம்பத்தில் ஏற்றுவதற்கு முன் இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டுவிடுங்கள். கூட வேண்டியது கூடினால் ஒரே பக்கத்தில் சிவப்புப் பெயின்ட் வைத்துக்கொள்ளுங்கள், கழிந்தால் ஒன்றைத் திருப்பிவிட்டு வையுங்கள்.