எடித் பியாஃப்: நாடகமா, பாட்டு ஷோவா?
பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் வாழ்க்கையை வச்சு பாம் ஜெம்ஸ் 1978ல எழுதின ‘பியாஃப்’ நாடகம் குடி, போதை, கெட்ட வார்த்தைனு எதையும் மறைக்காது, சிலர் முகம் சுளிக்கிறதே அதுக்குத்தான், ஆனா 2008ல லண்டன் டான்மார் தியேட்டர்ல, சுமார் 250 சீட்தான், அர்ஜென்டினாக்காரி எலெனா ரோஜர் நடிச்சு லண்டன் நாடக உலகத்தோட பெரிய விருதான ஒலிவியர் விருதே வாங்கிட்டாங்க. பியாஃபோட காதலன், குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்டான் 1949ல விமான விபத்துல செத்துப்போன கதையை அவ்ளோ கிட்ட உக்காந்து பாத்தா தொண்டை அடைக்காம இருக்குமா?

இன்னொண்ணு 2015ல, பியாஃப் பொறந்து 100 வருஷம் ஆனப்போ வந்த ‘பியாஃப்! தி ஷோ’. ஆன் காரேர் பிரெஞ்சுலயே பாடுவாங்க. கதை கம்மி, பாட்டு ஜாஸ்தி, மொழி புரியலன்னாலும் ஜனங்க சேர்ந்து முணுமுணுக்கலாம் (நமக்கு இந்திப் பாட்டு மாதிரி). எனக்கென்னவோ நாடகம்தான், அழுதாலும் பரவால்ல.