நோய்ட்ஹெடாக்டர் குதிரை: ஐந்து கோடைக்குப் பிறகு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருந்தார்: "மகளுக்குப் பன்னிரண்டு வயசு, ரெண்டு வருஷமா சவாரி பழகுறா. ஷோங்க்வெனி பக்கம் ஒரு நோய்ட்ஹெடாக்டரை விலை குறைச்சுக் கொடுக்குறாங்க, வாங்கலாமா?" பெயரிலேயே நோய் இருக்கிறதே என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தார்களாம். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'நோய்ட்ஹெடாக்ட்' என்றால் 'நினைத்தே பார்க்காதது' என்று பொருள். எர்மெலோ பக்கத்து ஆராய்ச்சிப் பண்ணையின் பெயர் அது. 1950களின் தொடக்கத்தில் லெசோத்தோ நாட்டுப் பசோத்தோ மட்டக்குதிரைகளை அடிப்படையாக வைத்து அங்கே இந்த இனத்தை உருவாக்கினார்கள்.

குணத்தில் தங்கம். பிளாஸ்டிக் பை பறந்தால் இது காதை நிமிர்த்திப் பார்க்கும். பந்தயத்திலிருந்து கழித்துவிட்டு மலிவாக விற்கிற தரோபிரெட்டோ அதே பைக்கு அடுத்த வேலியில் போய் நிற்கும், பிள்ளை தரையில் கிடக்கும். குளம்பும் கல் மாதிரி. மண்பாதை, புல்வெளி மட்டும்தான் என்றால் பெரும்பாலும் லாடம் வேண்டாம்; ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவிவிட்டால் போதும்.

என் எரிச்சலெல்லாம் சேணத்தைப் பற்றித்தான்.

பிடரி முடியும் இடத்தில் தரோபிரெட்டுக்குக் கூரான மேடு இருக்கும். சேணம் அதில் பிடித்து நிற்கும். இதற்கு முதுகு பீப்பாய். வயிற்று வாரை எவ்வளவு இழுத்தாலும் சேணம் உருளும். இன்னும் இறுக்குவது தீர்வல்ல; தோலை அறுக்கும், குதிரை வாரைக் கண்டாலே பல்லைக் காட்டும். கொட்டிலில் ஒருமுறை, ஏறுமுன் ஒருமுறை, பத்து நிமிடம் நடந்தபின் ஒருமுறை என்று மூன்று தவணையாக இறுக்குங்கள். தரையிலிருந்து அங்கவடியை மிதித்து ஏறவே கூடாது, மேடையிலிருந்துதான் ஏற வேண்டும். எப்போதும் இடப்பக்கம் ஏறுவதால் அந்தப் பக்க அங்கவடி வார் நீளும். மாதம் ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

இத்தோடு முடிந்தால் பரவாயில்லை. இங்கே குளிர்காலமான ஆகஸ்டில் அளவெடுத்துப் பொருத்திய சேணம் கோடையான பிப்ரவரியில் பொருந்தாது! மழைக்காலத்துக் கிகுயு புல்லைத் தின்று இது ஊதிவிடும், காய்ந்த குளிர்காலத்தில் இளைக்கும். விற்பவர் குளிர்காலத்தில் காட்டுவது பாதிக் குதிரைதான். தோள்பட்டைக்குப் பின்னால் வளைகம்பியை வைத்து அழுத்தி, அந்த வளைவை அட்டையில் வரைந்து தேதி போட்டு வையுங்கள். கோடையில் மறுபடி வரைந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். முன்வளைவு மாற்றக்கூடிய சேணம் ஒன்றுதான் வழி. அரை மணி சவாரிக்குப் பின் கழற்றிப் பாருங்கள்: நனைந்த முதுகில் அங்கங்கே உலர்ந்த திட்டு இருந்தால் அந்த இடத்தில் அழுத்துகிறது.

கொழுப்பு சேணத்தோடு நிற்பதில்லை. பிடரி மேட்டைத் தடவினால் கெட்டியாக, பக்கவாட்டில் ஆடாமல் இருந்தால் லாமினைட்டிஸ் என்கிற குளம்பு அழற்சி வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். குளம்பு சுடும், முன்னங்கால் ஊன்றத் தயங்கும், அப்புறம் மாதக்கணக்கில் சவாரி இல்லை. 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 6 கிலோ உலர்ந்த புல் போதும், அதையும் ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்துக் கொடுப்பது நல்லது. மேயும்போது வாய்க்கூடை போடுங்கள், நம்மூர் மாட்டுக்குக் கட்டுவது போலத்தான். கிகுயுவில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிவிடும் என்பதால் கால்சியத் தாதுப்பொடி அவசியம். அதற்கென்று லூசர்னை, அதாவது குதிரைமசாலை, அள்ளிப் போட்டால் மறுபடி கொழுக்கும். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

எடைக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 400 கிலோவுக்கு 80, சேணம் 8 போக 72. மகள் தாராளமாக ஏறலாம். அண்ணே, உங்களைப் பார்த்திருக்கிறேன், நீங்கள் ஏற வேண்டாம்.

நாட்டு இனம் என்பதால், சின்னக் கடிபூச்சி பரப்புகிற ஆப்பிரிக்கக் குதிரை நோய் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கழுதையும் வரிக்குதிரையும் தாக்குப்பிடிக்கும், இது செத்துப்போகும். தடுப்பூசி இரண்டு புட்டி, குறைந்தது மூன்று வார இடைவெளி. குதிரையின் பாஸ்போர்ட்டில் பதிவு இருக்கிறதா பாருங்கள். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் முன்பே கொட்டிலுக்குள். டர்பன் கரையோரம் உறைபனி விழாது, பூச்சி தானாக ஒழியும் என்று காத்திருக்க வழியில்லை.

குதிரைக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். வாங்கலாமா என்றால், இன்றைக்கு மூன்றாவது சேணமும் உருண்ட நாள்: வேண்டாம். நீங்கள் குதிரையைக் கட்டப்போகும் லாயத்தில் புல் இல்லாத, வேலியடைத்த வெற்றுத் திடல் இருந்தால் மட்டும் திரும்பக் கூப்பிடுங்கள், பார்க்கப் போகும்போது வளைகம்பியோடு நானும் வருகிறேன்.