ரொட்டிக்குள் ஒன்று, தயிருக்குள் ஒன்று

புதுச்சேரியில் எங்கள் தெருமுனை பேக்கரியின் நீள ரொட்டியை உப்ப வைப்பது ஈஸ்ட். ராத்திரி உறை ஊற்றிய பாலைத் தயிராக்குவது லாக்டோபாசிலஸ். முன்னது பூஞ்சை, பின்னது பாக்டீரியா. இரண்டும் ஒரு செல் உயிர்கள்தான், ஆனால் உறவு ரொம்பத் தூரம்.

தயிர்க்காரரான பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது, டி.என்.ஏ. வளையமாகச் செல்லுக்குள் அப்படியே கிடக்கும். ஈஸ்டுக்கோ சவ்வு போர்த்திய உட்கரு, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் உண்டு, நம் செல்லைப் போலவே. அந்த வகையில் ஈஸ்ட் நமக்குப் பங்காளி! அமெரிக்க உயிரியலாளர் விட்டேக்கர் 1969-ல் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது பூஞ்சைக்குத் தனி உலகமே தந்தார்.

சுவரும் வேறு. பாக்டீரியாவின் செல் சுவர் பெப்டிடோகிளைக்கன் என்ற சர்க்கரை, புரதத் துண்டுகளின் பின்னல். பூஞ்சையின் சுவரில் குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலியும் கைட்டினும். நண்டு ஓட்டில் இருக்கிறதே, அதே கைட்டின். பெனிசிலின் பாக்டீரியாவின் சுவரைத்தான் கட்டவிடாமல் கெடுக்கும். பூஞ்சையால் வரும் படர்தாமரைக்கு அதை விழுங்கினால் காசுதான் தண்டம்.

ஈஸ்ட் மாவின் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடு விடும், மொட்டு விட்டுப் பெருகும். பாக்டீரியா பால் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும், இரண்டாகப் பிளந்து பெருகும். நம் கடலோர ஈரத்தில் மிச்ச ரொட்டி சீக்கிரமே பச்சையாகப் பூக்கும். அதுவும் பூஞ்சைதான்.

சரி, வைரஸ்? அதற்குச் செல்லே இல்லை. புரத உறைக்குள் மரபுப்பொருள், அவ்வளவுதான். தயிர் பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ்களும் உண்டு. அவை புகுந்தால் பால் பண்ணைகளில் தயிர் சரியாக உறையாது.