துப்பாக்கிக் கண்காட்சியில் பழைய என்ஃபீல்டு வாங்குவோர் கவனத்திற்கு

டெக்சஸில் வார இறுதிகளில் நடக்கும் துப்பாக்கிக் கண்காட்சிகளுக்குப் புதிதாகச் செல்லும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த குளிர்காலத்தில் அப்படியொரு கண்காட்சியில் 650 டாலர் ரொக்கம் கொடுத்து நான் வாங்கிய ரைபிள், சுடுவதற்கே தகுதியற்றது என்று பின்னர் தெரியவந்தது.

என் தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் படையில் சேர்ந்து பர்மா முனையில் இருந்தவர். அவர் தூக்கித் திரிந்த, பிரிட்டிஷ் இந்தியப் படையின் ரைபிளான லீ-என்ஃபீல்டு வகையில் ஒன்றை, அதுவும் கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்ததாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரு மேசையில் கிரீட முத்திரையும் இஷாப்பூர் பெயரும் 1943 என்ற ஆண்டும் பொறித்த ரைபிளைக் கண்டதும் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. தன் தந்தையின் சேகரிப்பு என்றும், பாகங்களில் பொறித்த எண்கள் அனைத்தும் ஒன்றோடொன்று பொருந்தும் என்றும், நன்றாகச் சுடும் என்றும் விற்றவர் உறுதி கூறினார்.

பாதுகாப்புக்காக எல்லாத் துப்பாக்கிகளின் போல்ட்டையும், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்புறத்தை மூடும் பாகத்தையும், பிளாஸ்டிக் பட்டையால் (டை) கட்டி வைத்திருப்பார்கள். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த டை இருக்கும்வரை போல்ட்டைக் கழற்றவோ குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்கவோ முடியாது. அவிழ்த்துக் காட்டச் சொன்னபோது, அரங்கின் விதி அனுமதிக்காது என்று அவர் மறுத்துவிட்டார். நேர்மையான விற்பனையாளர்கள் டையை வெட்டிக் காட்டிவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்வதைப் பின்னர் பல மேசைகளில் பார்த்தேன்.

துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனபோது அவர் மேல்மரத்தைக் கழற்றி, குழலின் அடிப்பகுதியை விளக்கருகே சாய்த்துக் காட்டினார். மற்ற இடங்களில் கருநீலமாக இருந்த உலோகம் அங்கே மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. அந்தத் தேய்ப்புக்குள் ‘டி’, ‘பி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளின் தடம் மங்கலாகத் தெரிந்தது. அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் உரியது, சுடக் கூடாது என்று படையினர் ஒதுக்கும் துப்பாக்கிக்கு இடும் முத்திரை அது. போல்ட் கைப்பிடியில் இருந்த எண்ணும் போல்ட் பொருந்தும் உலோக உடலான ரிசீவரின் எண்ணும் வேறு வேறு. தோட்டாவின் விளிம்புக்காக விடப்படும் இடைவெளியை அளக்கும் கேஜ்கள் எனும் அளவுக் கருவிகளில், இராணுவ மேல்வரம்பான 0.074 அங்குலக் கேஜை வைத்தபோதும் போல்ட் தடையின்றி மூடியது; அதாவது இடைவெளி வரம்பை மீறியிருந்தது. அந்த நிலையில் சுட்டால் பித்தளை உறை கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். என் பதினாறு வயது மகனைத்தான் முதலில் சுட வைப்பதாக இருந்தேன் என்பதை நினைத்தால் இன்னும் மனம் பதறுகிறது.

விற்றவர் எழுதிக் கொடுத்த தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. மேசையை வாடகைக்கு விடுவதோடு தங்கள் பொறுப்பு முடிந்தது என்று ஏற்பாட்டாளர்கள் கூறிவிட்டனர். உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கினால் துப்பாக்கி வாங்குவோருக்கான மத்திய அரசின் 4473 படிவம் நிரப்பி, பொதுவாகப் பின்னணிச் சோதனையும் முடிந்த பிறகே துப்பாக்கி கைக்கு வரும். அவர் பெயரும் கடை முகவரியும் ஆவணத்தில் இருக்கும். டெக்சஸில் தனிநபர் விற்பனைக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஆகவே தனிநபரிடம் வாங்குவதாயின் பெயர், முகவரி, துப்பாக்கியின் எண், ‘சுடத்தக்கது’ என்ற சொல் ஆகியவற்றோடு கையெழுத்திட்ட ரசீது கேளுங்கள். தரத் தயங்கினால் அந்த மேசையை விட்டு நகர்ந்துவிடுங்கள். பிளாஸ்டிக் பைகளில் குவித்து விற்கும், யாரோ வீட்டில் மறுநிரப்பிய தோட்டாக்களை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். விசா நிலையில் இருப்பவர்கள், வாங்க முடியுமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்காமல் பணத்தை எடுக்கவே வேண்டாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கான விதி அவர்களுக்குப் பொருந்தாது.

அந்த ரைபிளை நான் மறுபடி விற்கவில்லை. சுடும் ஊசியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, ‘பயிற்சித் துப்பாக்கி, சுடக் கூடாது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பித்தளைத் தகடு ஒன்றை மரத்தில் திருகாணியால் பொருத்தியிருக்கிறேன்.