வீட்டுக் கணினிக்கு வெளியூரிலிருந்து வழி: போர்ட் ஃபார்வர்டிங்கா, டெயில்ஸ்கேலா?

கல்யாண வீடியோ தொகுப்பது மதுரை வில்லாபுரத்தில் என் வீட்டில். ஆல்பம் வடிவமைப்பது உசிலம்பட்டியில் என் மச்சினன். ஒரு முகூர்த்தத்துக்கு 60 ஜி.பி. தேறும். முன்பெல்லாம் ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றி, ஆரப்பாளையத்தில் தேனி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். ஒன்றரை மணி நேரத்தில் அவன் கையில் இருக்கும். 50 எம்.பி.பி.எஸ். அப்லோடில் அதே 60 ஜி.பி. போய்ச்சேர இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும் என்பதால், வேகத்தில் பஸ்தான் இன்றைக்கும் முதலிடம். ஆனால் ஒரு முறை டிஸ்க் உசிலம்பட்டியில் இறங்காமல் தேனி வரை போய்விட்டது. அன்றைக்குத்தான் வேறு வழி தேடினேன்.

கிளவுட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. தாலி கட்டும் வரைகூட வராது. காசு கொடுத்து இடம் வாங்கினாலும், நான் ஏற்றி முடிக்க ஒரு நேரம், அவன் இறக்கி முடிக்க ஒரு நேரம். ஆகவே என் கணினியிலிருந்தே அவன் நேராக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நான் கையாண்டவை இரண்டு: எட்டு மாதம் போர்ட் ஃபார்வர்டிங் (ரூட்டரில் போர்ட் எனும் எண்ணிட்ட கதவைத் திறந்து, வெளியிலிருந்து வருபவரை ஒரு கணினிக்கு அனுப்பும் ஏற்பாடு), அதன்பின் ஒரு வருடத்துக்கு மேலாக டெயில்ஸ்கேல் (நம் கணினிகளைத் தனி வலையில் இணைக்கும் மென்பொருள்). என் சாய்வு இரண்டாவது பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போர்ட் ஃபார்வர்டிங்குக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். ஓடுகிற நாளில் அதைப்போல் எளிமையானது கிடையாது. என் கணினியில் கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி. சேவை, ரூட்டரில் ஒரே ஒரு விதி, அவன் பக்கம் அவற்றை இறக்கும் ஃபைல்சில்லா மென்பொருள். மூன்றாம் ஆள் யாரும் நடுவில் இல்லை. சிக்கல் எல்லாம் ஓடாத நாளில்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பழுதுபார்ப்பதில் செலவழித்தேன். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே, இணையத்தில் எங்கள் வீட்டைக் குறிக்கும் எண்ணான வெளி முகவரியைப் போட்டுச் சோதித்ததுதான் தவறு. உள்ளேயிருந்து கிளம்பி வெளி முகவரி வழியாக மறுபடி உள்ளே வருவதைப் பல ரூட்டர்கள் அனுமதிப்பதில்லை. கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் அடுத்தது. வீட்டு இணைப்பை அது பொது இணைப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தால் கதவைச் சாத்திவிடும். இவை ஒரு நாளோடு போகிற தொல்லைகள்.

தீராத தொல்லை மின்வெட்டு. எங்கள் ரூட்டர் ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும், வீட்டுக்குள் எந்தக் கருவிக்கு எந்த முகவரி எண் கொடுத்திருந்தோம் என்பதை மறந்துவிடும். 192.168.1.5 என்று இருந்த என் கணினி 192.168.1.9 ஆகிவிடும், 5 வரவேற்பறை டிவிக்குப் போயிருக்கும். ரூட்டர் விதியோ இன்னும் 5-ஐயே காட்டிக்கொண்டிருக்கும். உசிலம்பட்டியிலிருந்து வருகிறவன் எங்கள் டிவியின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பான். உடனே அழைப்பு வரும்: “மாமா, திறக்கவில்லை. அங்கே மின்சாரம் போய் வந்ததா?” நான் ஏதோ மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பைப் படம் எடுத்துக்கொண்டிருப்பேன்.

கணினியின் மேக் முகவரிக்கு (வலை அட்டையில் பதிந்த அடையாள எண்) ஒரே எண்ணை ரூட்டரில் ஒதுக்கி வைத்தால் இது தீரும். ஒதுக்கினேன். அப்புறம் வெளி முகவரி மாறத் தொடங்கியது. அதற்கு, எண் மாறினாலும் அதைப் பின்தொடரும் டி.டி.என்.எஸ். பெயர் ஒன்று வாங்கினேன். பிறகு இணைய நிறுவனம் பைபர் பெட்டியை மாற்றியது. புதிய பெட்டி தானே ஒரு ரூட்டராக வேலை செய்ய, என் ரூட்டர் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இரண்டிலும் விதி எழுத வேண்டும், அல்லது பெட்டியை, ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை வெறுமனே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தீர்வு இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நான் வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது. நான் வழி மாறியதற்குக் காரணம் வேகமோ விலையோ அல்ல, இதுதான்.

கடைசி அடி எட்டாம் மாதம் விழுந்தது. எல்லாம் சரியாக இருந்தும் திறக்கவில்லை. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி 100.72 என்று தொடங்கியது, என் ஐ.பி. என்ன என்று காட்டும் தளமோ முற்றிலும் வேறு எண்ணைக் காட்டியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்ணை ரூட்டரில் பார்த்தால், மேலே ஒன்றும் தோண்ட வேண்டாம். பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் சி.ஜி.நாட் ஏற்பாட்டுக்கென்று 2012-இல் ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. இந்தப் பழைய வகை இணைய முகவரிகள் (ஐ.பி.வி.4) மொத்தமே சுமார் 430 கோடி. அவற்றின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது.

நம் ஊர் வளவு வீடுதான் இது. பத்துக் குடித்தனம், ஒரே தெருக்கதவு. என் வீட்டுக் கதவை நான் எவ்வளவு அகலத் திறந்து வைத்தாலும், தெருக்கதவுச் சாவி வீட்டுக்காரர் கையில். நிலையான ஐ.பி., அதாவது எனக்கே உரிய மாறாத வெளி முகவரி, விலைக்கு வாங்கலாம், தெருக்கதவு அதனால் திறக்கும். டிவி விவகாரத்துக்கு அதில் மருந்து இல்லை.

டெயில்ஸ்கேல் தெருக்கதவைத் திறக்கவே முயல்வதில்லை. இரண்டு கணினிகளும் உள்ளேயிருந்து வெளியே போய், ஒரு ஒருங்கிணைப்புச் சேவையகத்தின் மூலம் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. பிறகு முடிந்தவரை நேராகவே பேசிக்கொள்கின்றன. அடியில் இருப்பது வயர்கார்ட் குறியாக்கம், 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே இடம்பெற்றது. என் கணினிக்கு ஒரு மாறாத எண் கிடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதுவும் அதே 100.64 வரிசை எண்தான்.

நிறுவிய பின் நான் தொட்டது அநேகமாக இல்லை. மின்வெட்டு, பெட்டி மாற்றம், டிவிக்கு 5-ஆம் எண் எதுவும் அதைப் பாதிக்கவில்லை. விண்டோஸின் சாதாரண பகிர்வுக் கோப்புறையையே அவன் திறந்துகொள்கிறான். அந்தப் பகிர்வுக்குரிய 445-ஆம் போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்; கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை நச்சுநிரல் 2017 மே மாதம் பரவியது அந்த வழியாகத்தான். முன்பு எஸ்.எஃப்.டி.பி.க்காக 22-ஆம் போர்ட்டைத் திறந்ததற்கே, மறுநாள் என் பதிவேட்டில் ‘ரூட்’, ‘அட்மின்’ என்ற பெயர்களில் யார் யாரோ தட்டிப் பார்த்த தடம் இருந்தது.

குறைகளும் உண்டு. நேர்வழி அமையாதபோது ரிலே எனும் இடைச் சேவையகம் வழியாகப் போகும், வேகம் விழும். அவன் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது எனக்கு இது நேர்ந்திருக்கிறது. ‘டெயில்ஸ்கேல் ஸ்டேட்டஸ்’ என்ற கட்டளை நேரா, ரிலேயா என்று சொல்லிவிடும். இயல்பாக 180 நாட்களில் ஒவ்வொரு கருவியும் மறுபடி உள்நுழையச் சொல்லும். வீட்டிலேயே இருக்கும் கணினிக்கு அந்தக் காலாவதியை அணைத்து வையுங்கள். எதிர்முனையில் இருப்பவரும் நிறுவியாக வேண்டும் என்பதால், கல்யாண வீட்டாருக்கு நான் இன்னும் பென் டிரைவ்தான் கொடுக்கிறேன்.

இரு கணினிகளின் கோப்புறைகளை ஒன்றுபோல் வைத்திருக்கும் சின்க்திங் மென்பொருளை இரண்டு வாரம்தான் ஓட்டினேன். கோப்புறை தானாகவே இரு பக்கமும் ஒத்துக்கொள்வது அழகு. ஆனால் அவன் பக்கம் தவறி அழித்த ஒரு கோப்புறை என் பக்கமும் போனதும் பயந்து நிறுத்திவிட்டேன். பழைய பிரதிகளை வைத்திருக்கும் வசதியைத் தொடக்கத்திலேயே இயக்கியிருந்தால் என் கருத்து வேறாக இருந்திருக்கலாம். புதிய வகை முகவரியான ஐ.பி.வி.6 வழியாகத் திறப்பதை ஒரு மாலைப்பொழுதுதான் முயன்றேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ரூட்டரில் கிடந்த பழைய விதிகளைப் போன மாதம்தான் அழித்தேன். அவற்றில் ஒன்று, நான் முதலில் எழுதி மறந்துபோனது, இன்னும் 192.168.1.5-இன் 22-ஆம் போர்ட்டைத் திறந்து வைத்திருந்தது. யார் அந்த எண்ணில் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். மகளின் பள்ளி லேப்டாப். இத்தனை மாதமும் வெளியிலிருந்து ஒருவரும் அதைத் தட்டவில்லை. தெருக்கதவு சாத்தியே இருந்தது.