முன்னால் ஒருவரா, மொத்தக் குடும்பமுமா?

பல ஆண்டுகள் கழித்து, முன்பு வாழ்ந்த வெளிநாட்டுக்கே குடும்பத்தோடு திரும்ப நினைப்பவர்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் ஓயாது. சம்பாதிப்பவர் முன்னால் போய் வேலையும் வீடும் பார்த்துவிட்டு மற்றவர்களை அழைத்துக்கொள்வதா, எல்லோரும் ஒரே விமானத்தில் ஏறிவிடுவதா? பெரும்பாலோர் பாசத்தை வைத்தே முடிவெடுக்கிறார்கள். யாரிடம் எந்தப் பாஸ்போர்ட் இருக்கிறது, பிள்ளைக்கு என்ன வயது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். கணவருக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை, மனைவிக்கு இல்லை. மனைவிக்கு விசா எடுக்க, 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். சம்பளத்தைக் காட்டி இருவரும் சேர்ந்தே போவதென்றால், இப்போது இருக்கும் நாட்டிலும் அதற்கு ஈடான சம்பளம் வேண்டும். போய் மூன்று மாதத்துக்குள் சேரும்படி அங்கே ஒரு வேலையும் உறுதியாகியிருக்க வேண்டும். இரண்டும் கூடிவருவது லேசில்லை. சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்டு ஆறு மாதம் கையில் இருந்திருக்க வேண்டும். அதைவிட, கணவர் முன்னால் போய் ஒரே நிறுவனத்தில் ஆறு மாதம் அந்தச் சம்பளத்தை வாங்கிவிடுவது பலருக்கு எளிது.

கனடாவில் கணக்கு வேறு. குடியுரிமை உள்ளவர், திரும்பி வந்து வாழப்போவதைக் காட்டினால், வெளியிலிருந்தே வாழ்க்கைத் துணைக்கு விண்ணப்பிக்கலாம். நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர் கனடாவுக்குள் இருந்துதான் விண்ணப்பிக்க முடியும். குடும்பத்தில் எல்லோருக்கும் அந்த உரிமை இருந்தால், ஐந்தாண்டில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒவ்வொருவர் தலையிலும் தனித்தனியே நிற்கிறது. அப்பா முன்னால் போனால் அவருடைய நாட்கள்தான் ஏறும். அங்கே சேர்ந்து போவதே புத்திசாலித்தனம்.

வீடு, செலவு என்று வந்தால் முன்னால் ஒருவர் போவதே மேல். வாடகைக்கு விடுபவர் சம்பளச் சீட்டும் முந்தைய வீட்டுக்காரரின் கடிதமும் கேட்பார். "முன்பு இங்கேதானே இருந்தேன்" என்பது அவரிடம் எடுபடாது. பிரிட்டனில் மூடிய கணக்குகள் ஆறு ஆண்டில் கடன் பதிவிலிருந்து மறைந்துவிடும். வங்கிக்கு நீங்கள் அநேகமாகப் புது ஆள். ஒண்டி ஆள் ஓர் அறையில் காலம் தள்ளலாம், நான்கு பேரால் முடியாது. இரண்டு இடத்தில் குடித்தனம் நடத்தும் செலவு உண்டுதான். ஆனால் வேலை இல்லாத குடும்பம் ஹோட்டலில் கிடக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடியது.

பிள்ளைக்குப் பதினைந்து வயது என்றால் தராசு மறுபக்கம் சாய்கிறது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கல்விக் கட்டணம் பெற, பொதுவாகப் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் மாணவர் அங்கே வசித்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் மட்டும் போதாது. 2025-26இல் உள்ளூர் மாணவருக்கு உச்சக் கட்டணம் 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவர் கட்டணம் பல இடங்களில் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. "ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்கிறேன்" என்று போனவர் விசா இழுபறியில் ஒன்றரை ஆண்டு கழித்து அழைத்தால், மிச்சம் பிடித்த வாடகையெல்லாம் அந்தக் கட்டணத்தில் போய்விடும். போதாததற்கு, பதினாறு வயதுப் பொதுத்தேர்வு இரண்டு ஆண்டுப் பாடம். நடுவில் சேரும் பிள்ளைக்குப் பாதிப் பாடம் நடந்து முடிந்திருக்கும்.

ஆகவே எல்லோரிடமும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்து, பிள்ளைகள் சிறியவர்களாகவும் இருந்தால், ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு சேர்ந்தே கிளம்பலாம். துணைக்கு விசா வேண்டுமென்றால் ஒருவர் முன்னால் போகட்டும். ஆனால் தனியாக அல்ல. பாஸ்போர்ட் உள்ள மூத்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகட்டும், சிறியது தாயோடு இருக்கட்டும். இந்த மூன்றாவது வழியைப் பல குடும்பங்கள் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை. அப்படிப் போகிறவர் செப்டம்பரில் பள்ளி திறப்பதற்கு முன்பே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட வேண்டும். பள்ளியில் இடம் கேட்டால் முகவரிச் சான்றைத்தான் முதலில் கேட்பார்கள்.