எட்டாக் கனவு: கேட்ஸ்பியா, லென்னியா?

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ (1925), ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ (1937) இரண்டுமே கைகூடாத கனவின் கதைகள். எதை முதலில் படிப்பது என்று கேட்டால், தயங்காமல் ஸ்டைன்பெக் என்பேன்.

கேட்ஸ்பியிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது. அவன் கேட்பது கடந்துபோன காலத்தை. அதை யாராலும் தர முடியாது. ஸ்டைன்பெக்கின் கதையில், கலிஃபோர்னியாவின் பண்ணைக் கூலிகளான ஜார்ஜும் லென்னியும் கேட்பதோ சிறு நிலமும் சில முயல்களும். விலை 600 டாலர். கை இழந்த கிழவர் கேண்டி தன் 350 டாலரைத் தர முன்வரும்போது, கனவு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் அது நொறுங்கும்போது வலி அதிகம்.

நட்பிலும் அப்படியே. ஃபிட்ஸ்ஜெரால்டின் கதையைச் சொல்லும் நிக், கேட்ஸ்பியை வியந்து பார்ப்பவன், சுமப்பவன் அல்ல. ஜார்ஜோ, குழந்தை மனம் கொண்ட லென்னியைச் சுமக்கிறான். பீன்ஸுக்குக் கெட்சப் வேண்டும் என்று லென்னி கேட்டதற்கே, “நீ இல்லாவிட்டால் நிம்மதியாக இருப்பேன்” என்று சீறுகிறான். “நான் மலைப்பக்கம் போய்விடட்டுமா?” என்று லென்னி கேட்டதும் வெட்கப்பட்டுத் தணிகிறான். நெடுநாள் ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்தக் கோபம் நன்றாகத் தெரியும்.

உரைநடை அழகுக்காகப் படிப்பவர்கள் மட்டும் கேட்ஸ்பியிலிருந்து தொடங்கலாம்.